பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்: கடல் கடந்து நோயில் மடிந்த நம் இளைஞர்கள்

இங்கிலாந்தின் தென்பகுதியில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், கிறித்தவர் அல்லாத ஓர் இந்தியர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் பெயர் சுக்கா. பரேலி நகரைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்காக அங்கு நடத்தப்பட்ட லேடி ஹார்டிங் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்தவர். 1915 ஜனவரி 12 அன்று நிமோனியா காய்ச்சலால் இறந்தார். வயது 30.

அவருடைய உடலுக்கு நேர்ந்ததை அவ்வூர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர் தீண்டப்படாதவர் என்பதால் உடன் இருந்த சாதி இந்துக்கள் தகனம் செய்ய முன்வரவில்லை. அவர் இசுலாமியர் அல்லர் என்பதால் வோக்கிங்கில் இருந்த இசுலாமிய அடக்கத்தலத்திலும் இடம் கிடைக்கவில்லை. இறுதியில் ஊர்ப் பாதிரியார் தம் தேவாலய மண்ணில் இடம் கொடுத்தார். ஊர் மக்கள் பொருள் திரட்டிக் கல்லும் நட்டனர். பெயர், ஊர், தெரு, வயது, செய்த பணி ஆகிய அனைத்தும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் கிறித்தவர் அல்லர் என்றும், ஆயினும் பிறர் நலனுக்காகவே தம் வாழ்வை ஈந்தார் என்றும் அது கூறுகிறது.

ஆறாயிரம் கல் கடந்து சென்ற பிறகும் சாதி ஒரு பிணத்தைப் பின்தொடர்ந்ததற்கு இது சான்று. இதனை நாம் சங்கரன்கோவிலை முன்வைத்து எண்ணிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. சுக்காவுக்கு ஒரு கல்லாவது வாய்த்தது. அதே போரில் மதராஸ் மாகாணத்துச் சேரிகளிலிருந்து மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்று காலராவிலும் மலேரியாவிலும் இறந்த இளைஞர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் எங்கும் இல்லை. அவர்கள் மறக்கப்பட்டது தற்செயலாக நிகழவில்லை. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதைச் சரிசெய்ய நம்மால் இன்று என்ன செய்ய இயலும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்றவர்கள் யார்?

1914 முதல் 1918 வரை நடந்த போருக்கு இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். மதராஸ் மாகாணத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 51,000 பேர் போர்வீரர்களாகவும், 41,000 பேர் போரிடாப் பணியாளர்களாகவும் சேர்க்கப்பட்டனர். இவ்விரண்டாம் எண்ணை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் துப்பாக்கி ஏந்தாதவர்கள்.

பிரிட்டிஷ் இராணுவம் இவர்களைப் 'பின்தொடர்வோர்' என்னும் தனி வகையில் வைத்தது. துப்புரவாளர், தண்ணீர் சுமப்போர், சமையலர், சலவைத் தொழிலாளர், தோல் தொழிலாளர், டோலி தூக்குவோர், கோவேறு கழுதை ஓட்டுவோர், சாலை போடுவோர், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவோர் ஆகியோர் இதில் அடங்குவர். இவர்களிலும் துப்புரவாளர் போன்றோர் 'இழிபணியாளர்' என்று மேலும் ஒரு படி தாழ்த்தப்பட்டனர். ஊரில் எந்தச் சாதிக்கு எந்த வேலை என்று விதிக்கப்பட்டிருந்ததோ, இராணுவமும் அதனையே தன் பட்டியலாக ஆக்கிக்கொண்டது. சிறைக் கைதிகளையும் தொழிலாளர் படையாகத் திரட்டி மெசபடோமியாவுக்கு அனுப்பினார்கள். ராதிகா சிங்கா இத்தொழிலாளர்களைப் பற்றி எழுதி 2020இல் வெளிவந்த நூல், போர் வரலாற்றில் இவர்கள் இல்லாமற் போனதை விரிவாகப் பேசுகிறது.

துப்பாக்கி ஏந்தியவர்களிலும் ஒடுக்கப்பட்டோர் இருந்தனர். மதராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையும், பயனியர் படைப்பிரிவுகளும் பறையர்களைத் தொடர்ந்து சேர்த்துவந்தவை. பாலம் கட்டுதல், பதுங்குகுழி வெட்டுதல், பகைவரின் குண்டுகளுக்கு நடுவே பாதை அமைத்தல் ஆகியவை இவர்களின் பணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷார் 'போர்க்குடிகள்' என்னும் கொள்கையை வகுத்து, வடமேற்கு இந்தியச் சமூகங்களையே வீரர்கள் என்று உயர்த்தினர். மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. மராட்டியத்தில் மகர்களின் சேர்க்கை 1890களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. பெரும் போர் மூண்டு ஆள் போதாமற் போனபோதுதான் அடைத்த கதவுகள் மீண்டும் திறந்தன. மகர்களுக்கென 1917இல் எழுப்பப்பட்ட 111ஆம் படைப்பிரிவு 1921இல் கலைக்கப்பட்டது. தேவைப்பட்டபோது அழைப்பதும் தேவை தீர்ந்ததும் வெளியேற்றுவதும் அரசின் வழக்கமாக இருந்தன.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் சங்கரநயினார்கோயில் வட்டம் என்று குறிக்கப்பட்ட நம் பகுதி, வானம் பார்த்த பூமி மிகுந்தது. சொந்த நிலமில்லாத சாதிகளுக்கு இங்கிருந்த வாழ்வழி பண்ணை வேலை ஒன்றே. தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கும், அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கும் போவது தென்மாவட்டத்து ஏழைகளுக்குப் பழகிய வழி. பட்டாளமும் அத்தகைய ஒரு வழியாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கும். மாதச் சம்பளம், காலணி, முழு உடை, மூன்று வேளை உணவு, பண்ணையாரின் குரலுக்கு எட்டாத தொலைவு ஆகிய இவை போதுமான காரணங்கள்.

குண்டைவிட நோய் கொன்றது

1914 நவம்பரில் இந்தியப் படைகள் இன்றைய ஈராக்கின் தென்முனையில் இறங்கின. அன்று அந்நிலம் மெசபடோமியா எனப்பட்டது. கோடையில் தாங்கவொண்ணாத வெயில், ஆறு பெருகினால் சேறு, எங்கும் ஈக்கள், குடிப்பதற்கு ஆற்றுநீர். டைகிரிஸ் நதியில் சரக்குப் படகுகளின் தட்டுகளில் நோயாளிகளும் காயமுற்றோரும் நிழலின்றிக் கிடத்தப்பட்டுப் பஸ்ராவுக்கு அனுப்பப்பட்டனர். கூத் நகர முற்றுகை 1915 டிசம்பரில் தொடங்கி 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைதலில் முடிந்தது. உள்ளே அகப்பட்டிருந்தவர்கள் பசியிலும் ஸ்கர்வியிலும் வாடினர். சிறைப்பட்டவர்களில் பலர் பாலைவன நடையில் இறந்தனர். மருத்துவ ஏற்பாடுகள் குலைந்து கிடந்த செய்தி இலண்டனில் பெரும் கண்டனத்தை எழுப்பியது. விசாரணை ஆணையம் 1917இல் தன் அறிக்கையை வெளியிட்டு, இந்திய அரசின் சிக்கன மனப்பான்மையைக் கடுமையாகச் சாடியது.

அப்போர்முனையில் களத்தில் நேரடியாகக் கொல்லப்பட்டோரைவிட நோயால் இறந்தோரே மிகுதி. காலரா, வயிற்றுக்கடுப்பு, டைபாய்டு, மலேரியா, வெப்பத்தாக்கு எனப் பட்டியல் நீள்கிறது. இந்தியப் படையினரிடையே ஸ்கர்வி பரவியதற்குக் காரணம் அவர்களுக்கு வகுக்கப்பட்ட உணவுப்படி. பிரிட்டிஷ் வீரரின் உணவும் இந்திய வீரரின் உணவும் ஒன்றாக இல்லை. புதிய காய்கறியும் இறைச்சியும் போதிய அளவில் வராதபோது வைட்டமின் சி குறைந்து ஈறு வீங்கிப் பல் ஆடி உடல் தளர்ந்தது. ஆகவே 'நோயால் இறந்தார்' என்னும் சொற்றொடருக்குள், யாருக்கு என்ன உணவு, யாருக்கு எத்தனை மருத்துவர், யாருடைய கூடாரம் எங்கே என்னும் முடிவுகளும் அடங்கியிருக்கின்றன.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதுவே நிலை. 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் நடந்த தாக்குதலில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் இலகுரகக் காலாட்படையும், மதராஸின் 61ஆம் பயனியர் படையும் இறக்கப்பட்டன. அத்தாக்குதல் தோல்வியில் முடிந்தது. பின்னர் நான்கு ஆண்டுகள் நீடித்த அப்போரில் படைகளை அரித்தது மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும். 1918இன் பிற்பகுதியில் உலகைச் சூழ்ந்த இன்ஃப்ளுயன்சா, போர் முடியும் தறுவாயில் இருந்த முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் புகுந்தது. ஊர் திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் அதில் இறந்தனர்.

நோய்ச்சாவு ஏன் தாழ்ந்ததாயிற்று?

நோயால் இறந்த படைவீரரைப் போற்றும் வழக்கம் நம் பழைய மரபிலும் இல்லை. அதியமானைப் போற்றி ஔவையார் பாடிய புறநானூற்று 93ஆம் பாடல் ஒரு விந்தையான சடங்கைக் குறிக்கிறது. போர்க்களத்தில் இறவாமல் நோயில் இறந்த மன்னரின் உடலைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, மறையோர் வாளால் பிளந்து அடக்கம் செய்தனர். அப்போதுதான் வீரர் செல்லும் உலகம் அவருக்கு வாய்க்கும் என்பது நம்பிக்கை. நோய்ச்சாவு ஓர் இழுக்கு. மன்னராயின் அதனைச் சடங்கால் கழுவிக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள்.

மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாடலையும் நாம் அறிவோம். பறையன் உள்ளிட்ட நான்கு குடிகளை உயர்த்திச் சொல்லும் அப்பாடல், பகைவரின் முன் நின்று யானையை வீழ்த்தி மடிந்த வீரனின் நடுகல்லே வழிபடத்தக்கது என்று முடிகிறது. நம் குடிப்பெருமைக்குச் சான்றாக நாம் எடுத்துக்காட்டும் பாடல் அது. ஆயினும் அங்கும் கல் எழுப்பப்படுவது களத்தில் விழுந்தவனுக்கே. காய்ச்சலில் கிடந்து இறந்தவனுக்கும், காயமுற்றவனின் மலம் அள்ளி அதனாலேயே நோயுற்று இறந்தவனுக்கும் அந்த இலக்கணத்தில் இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் நிலை இதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. பாக்தாத்தைக் கைப்பற்றிய படைத்தலைவர் ஜெனரல் ஸ்டான்லி மோட் 1917 நவம்பர் 18 அன்று காலராவால் இறந்தார். பாக்தாத்தின் வடவாயில் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குத் தனி மண்டபம் எழுப்பப்பட்டது. நகரில் குதிரைமீது அமர்ந்த சிலையும் வைக்கப்பட்டது. 1958 புரட்சியின்போது மக்கள் அச்சிலையைத் தகர்த்தனர், மண்டபம் நிலைத்தது. அதே காலராவில், அதே ஆற்றங்கரையில் இறந்த கடைநிலை இந்தியருக்கு அத்தகைய எதுவும் இல்லை. நோய் எல்லாரையும் ஒன்றுபோல் கொல்லலாம். இறந்த பிறகு யாரை நினைப்பது என்பதைத் தரமும் நிறமும் சாதியும் முடிவுசெய்தன.

எண்ணாக மாற்றப்பட்டவர்கள்

போரில் இறந்தோரை நினைவுகூர 1917இல் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. இன்று அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப்படுகிறது. தரம், இனம், சமயம் என்ற வேறுபாடின்றி இறந்த ஒவ்வொருவரையும் ஒன்றுபோல் நினைவுகூர்வது அதன் அடிப்படைக் கொள்கை. ஐரோப்பாவில் இக்கொள்கை பெரிதும் காக்கப்பட்டது. பிரான்சின் நவ் ஷப்பெல் என்னுமிடத்தில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

ஐரோப்பாவுக்கு வெளியே கொள்கை வளைந்தது. பஸ்ராவில் 1929இல் திறக்கப்பட்ட நினைவிடம், மெசபடோமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. அதன் சுவர்களில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியக் கடைநிலை வீரர்களுக்கோ படைப்பிரிவின் பெயரும், அதனடியில் இத்தனை பேர் என்னும் எண்ணும் மட்டுமே. அவர்களின் பெயர்கள் தனிப் பதிவேடுகளில் அடைபட்டன. அந்நினைவிடம் 1997இல் ஈராக் அரசின் ஆணைப்படி பெயர்க்கப்பட்டு, நசிரியா செல்லும் சாலையில் 32 கிலோமீட்டர் தொலைவில் மீண்டும் கட்டப்பட்டது.

தில்லியின் இந்தியா கேட் இறந்த 70,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் நினைவாக 1931இல் திறக்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட பெயர்கள் ஏறத்தாழ 13,000. அவையும் பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் ஆப்கானியப் போரிலும் இறந்தோருடையவை. வேலூர் மணிக்கூண்டில் இருக்கும் கல், அவ்வூரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றதாகவும் 14 பேர் உயிர் நீத்ததாகவும் கூறுகிறது. அந்தப் பதினால்வரின் பெயர்கள் அதில் இல்லை. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்திலோ, முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவின் பல ஊர்களில் இறந்து, கல்லறைகளைப் பராமரிக்க இயலாமற்போன 1,000க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கே இறந்த அயலாருக்கு நம் மண்ணில் பெயர் உண்டு. அங்கே இறந்த நம்மவருக்கு அந்த மண்ணிலும் பெயரில்லை, நம் மண்ணிலும் பெயரில்லை.

இது இந்தியர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள் இதைவிட மோசமாக மறைக்கப்பட்டனர். இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரைக் காலனியின் ஆளுநர் 1923இல், அங்குள்ள சாதாரண மனிதருக்குக் கல்லறைக் கல்லின் பொருள் விளங்காது என்று கருத்துரைத்தார். இக்குரல் நமக்குப் புதிதன்று. படிப்பு எதற்கு, செருப்பு எதற்கு, கல்வீடு எதற்கு என்று நம் ஊர்களில் கேட்ட குரலின் மறுவடிவமே அது.

ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் தன் அறிக்கையை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கர்களில் 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்று அது ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் குறிக்கப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் கூறியது. ஆணையம் மன்னிப்புக் கோரியது. பிரிட்டிஷ் அரசின் பாதுகாப்பு அமைச்சரும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இம்மன்னிப்பு இனப்பாகுபாட்டைப் பற்றியது. சாதியைப் பற்றிய மன்னிப்பு இன்னும் வரவேண்டியிருக்கிறது. அதனை இலண்டனிலிருந்து எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

ஒரு பெயர் என்ன செய்யும்?

கல்லில் பெயர் இருப்பதால் இறந்தவருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பீமா கோரேகான் இதற்கு விடை தருகிறது. 1818 ஜனவரி 1 அன்று நடந்த போரின் நினைவாகக் கிழக்கிந்திய கம்பெனி எழுப்பிய தூணில் இறந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றில் 22 பெயர்கள் மகர்களுடையவை. கம்பெனி அதனைத் தன் வெற்றிக்காகவே நட்டது. ஆனால் பெயர்கள் இருந்தமையால், அவை யாருடையவை என்று பின்வந்த தலைமுறை வாசிக்க இயன்றது. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்குச் சென்றார். இன்று இலட்சக்கணக்கான மக்கள் ஆண்டுதோறும் அங்குத் திரள்கின்றனர். அத்தூணில் பெயர்களுக்குப் பதிலாக 'இத்தனை சிப்பாய்கள்' என்று மட்டும் இருந்திருந்தால், ஒரு மக்கள் இயக்கம் தன் வரலாற்றை அங்குக் கண்டெடுத்திருக்க இயலாது.

சங்கரன்கோவிலுக்கு அருகிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரனின் வரலாற்றை அருந்ததியர் மக்கள் தங்கள் வாய்மொழியில் பல தலைமுறைகளாகக் காத்தனர். தொடர்ந்து கோரிக்கை வைத்துப் போராடியதன் விளைவாகப் பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. 2022 ஆகஸ்டில் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அரசின் ஏட்டில் இல்லாத பெயரை மக்களின் நினைவு அரசின் ஏட்டில் ஏற்றியது. கடல் கடந்து இறந்த இளைஞரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் பெயர் அரசின் ஏட்டில் இருக்கிறது. மக்களின் நினைவில்தான் இல்லை. இவ்விரண்டையும் இணைப்பது கடினமான பணியன்று.

திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். படைக் குடியிருப்பில் கிடைத்த கல்வி அக்குடும்பத்தின் போக்கை மாற்றியது. தியாகி இம்மானுவேல் சேகரனார் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் படுகொலை செய்யப்படும் வரை தீண்டாமைக்கு எதிராக நிமிர்ந்து நின்றார். பட்டாளத்தில் ஒருமுறை நிமிர்ந்த முதுகு ஊரில் மீண்டும் வளைய மறுத்தது. பஸ்ராவின் மருத்துவமனைக் கூடாரத்தில் இருபது வயதில் இறந்தவரோடு, அவர் திரும்பி வந்திருந்தால் அந்தச் சேரிக்குக் கிடைத்திருக்கக்கூடிய எழுத்தறிவும் ஓய்வூதியமும் துணிவும் சேர்ந்தே மறைந்தன.

பேரரசின் போரை நாம் ஏன் நினைக்க வேண்டும்?

நம் தோழர்களிடையே ஒரு நியாயமான மறுப்பு எழக்கூடும். அது ஏகாதிபத்தியங்களின் போர். நம் இளைஞர்கள் அங்குப் போய் யாருடைய நிலத்தையோ யாருக்காகவோ பிடித்துக் கொடுத்தார்கள். அதனைப் போற்றுவது காலனியத்தைப் போற்றுவதாகாதா என்பதே அம்மறுப்பு.

போரைப் போற்றுவதும் இறந்தவரின் பெயரை மீட்பதும் வேறு வேறு செயல்கள். மெசபடோமியாவைப் பிடித்ததில் நமக்குப் பெருமையில்லை. எண்ணெய்க்கும் ஆதிக்கத்துக்குமான அப்போரை நியாயப்படுத்தும் கடமையும் நமக்கில்லை. ஆனால் அங்கு அனுப்பப்பட்டவர் அப்போரைத் தீர்மானித்தவர் அல்லர். ஊரில் நிலமும் கூலியும் மரியாதையும் மறுக்கப்பட்டதால் கப்பலேறியவர். தேயிலைத் தோட்டத்தில் இறந்த தொழிலாளரை நினைக்கும்போது தோட்ட முதலாளியை நாம் போற்றுவதில்லை. அதே அளவுகோல் இங்கும் பொருந்தும். அவரை வீரர் என்று மட்டும் அழைக்காமல், உழைத்து இறந்த தொழிலாளராகவும் காண்பதே நம் நினைவேந்தலை அரசு விழாக்களிலிருந்து வேறுபடுத்தும்.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. 2016 ஜூன் மாதம் காஷ்மீரின் பாம்போரில் நடந்த தாக்குதலில் இறந்த சி.ஆர்.பி.எஃப். வீரர் வீர் சிங், ஒடுக்கப்பட்ட நட் சமூகத்தைச் சேர்ந்தவர். உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்திலுள்ள அவருடைய ஊரில், பொது நிலத்தில் அவரைத் தகனம் செய்ய ஆதிக்கச் சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிகாரிகள் தலையிட்ட பிறகே இறுதிச் சடங்கு நடந்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்ட காட்சியை நாடே கண்டது. 1915இல் சுக்காவின் உடலுக்கு நேர்ந்ததும் இவையும் ஒரே தொடரின் கண்ணிகள். இறந்தவருக்கு ஆறடி மண்ணும் ஒரு பெயரும் வேண்டும் என்பது சமத்துவக் கோரிக்கைகளில் மிக எளியது. அதுவே இன்னும் நிறைவேறவில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியவை

பெயர்களைத் தேடும் பணிக்குப் பெரும் பொருளோ நிறுவனமோ தேவையில்லை. சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் இதனைத் தொடங்கிவிடலாம்.

முதலாவது, போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு. அதனை எவரும் கட்டணமின்றித் தேடலாம். கல்லில் எண்ணாக மட்டும் இருப்போரின் பெயர்களும் இப்பதிவேட்டில் உள்ளன. பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவை தரப்பட்டிருக்கும். மாவட்டத்தை 'டின்னவேலி' என்றும், வட்டத்தைச் 'சங்கரநயினார்கோயில்' என்பதன் பழைய ஆங்கில எழுத்தமைப்பிலும் தேட வேண்டும். எழுத்தர்கள் நம் ஊர்ப்பெயர்களைத் தம் காதுக்கு எட்டியபடி எழுதினர். ஆகவே உள்ளூர்ப் பெயர்களை அறிந்த ஒருவர் உடனிருந்து உரக்க வாசித்துப் பார்ப்பது நலம். இப்பணியில் நம் பகுதிப் பிள்ளைகளைவிடத் தகுதி வாய்ந்தவர் இல்லை.

இரண்டாவது, படைப்பிரிவு. பதிவேட்டில் சாதி பொதுவாகக் குறிக்கப்படுவதில்லை. ஆயினும் சேப்பர்ஸ், பயனியர், தொழிலாளர் படை, மருத்துவமனைப் பணியாளர், டோலி தூக்குவோர் என்னும் குறிப்புகள் எங்கே தேடலை நெருக்க வேண்டும் என்பதைக் காட்டும். இறப்பு நாளும் அடக்கத்தலமும் கூடச் செய்தி சொல்லும். பெரும் போர் எதுவும் நடவாத கோடை மாதத்தில், மருத்துவமனைகள் இருந்த நகரில் ஒரே படைப்பிரிவைச் சேர்ந்த பலர் அடுத்தடுத்த நாள்களில் இறந்திருந்தால், தொற்றுநோயை நாம் ஐயுறலாம். 1918 அக்டோபர், நவம்பர் மாத இறப்புகளில் இன்ஃப்ளுயன்சாவை ஐயுறலாம். எனினும் ஐயத்தை முடிவாக எழுதிவிடக் கூடாது. உறுதி என்றும் ஊகம் என்றும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

மூன்றாவது, வீடுகளில் இருக்கும் சான்றுகள். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். போர்வீரருக்கு அது வெள்ளியில் வழங்கப்பட்டது; இந்தியத் தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. பதக்கத்திலும் படிநிலையைப் புகுத்தியவர்கள் அவர்கள். இறந்தோரின் குடும்பங்களுக்கென வார்க்கப்பட்ட உள்ளங்கை அகல வெண்கலத் தகட்டில், தரம் எதுவும் குறியாமல் பெயர் மட்டும் இருக்கும். பழம்பெட்டியில் கிடக்கும் செல்லாக் காசு என்று எண்ணி அதனை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 'பட்டாளத்தார் வீடு' என்று அழைக்கப்படும் வீடுகள் எங்கிருந்தாலும் அங்கிருந்து தொடங்குங்கள். பாட்டிமார்களிடம் கேளுங்கள். கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை என்னும் ஒற்றை வரி கிடைத்தாலும் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

நான்காவது, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மதராஸ் அரசின் ஆணைகளும் மாவட்டப் பதிவுகளும் அங்கு உள்ளன. ஆள்சேர்ப்பு, இறந்தோர் குடும்பங்களுக்கான உதவி, ஊர்களில் நடப்பட்ட நினைவுக்கற்கள் தொடர்பான கோப்புகளை ஆய்வு மாணவர்கள் அங்குத் தேட வேண்டும். இலாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள் எண்ணிமமாக்கப்பட்டு 2021இல் பொதுப்பார்வைக்கு வந்தன. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவற்றில் உள்ளன. புலம்பெயர்ந்த பஞ்சாபியரின் அமைப்பும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து அதனைச் செய்தன. தென்மாவட்டங்களுக்கும் அது இயலும்.

கிடைக்கும் பெயர்களை என்ன செய்வது? ஊர்ப் பள்ளியின் சுவரில் எழுதலாம். கிராம சபையில் தீர்மானமாக முன்வைத்து, பொது இடத்தில் பெயர்ப்பலகை கோரலாம். அது சேரிக்குள் மட்டும் இருக்கக் கூடாது. எல்லாரும் கடந்து செல்லும் இடத்தில் இருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத பெயர் ஒன்று வீட்டுச் சான்றோடு கிடைத்தால், அதனைச் சேர்க்குமாறு ஆணையத்துக்கு எழுதலாம். எழுதும்போது துப்புரவாளரையும் தண்ணீர் சுமந்தவரையும் சேப்பரையும் ஒரே பட்டியலில், அகர வரிசையில் எழுதுங்கள். நோயால் இறந்தவருக்குத் தனிப்பத்தி வேண்டாம்.

பிராக்கன்ஹர்ஸ்ட் ஊர் மக்கள் சுக்காவுக்கு உறவினர் அல்லர். அவருடைய மொழியும் சமயமும் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் அவர் பெயரையும் அவர் வாழ்ந்த தெருவையும் கேட்டறிந்து கல்லில் வெட்டினார்கள். உறவினராகிய நாம் நூறு ஆண்டுகள் கழித்தாவது அந்த அளவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.